மேம்பாலத்தில் நிற்கிறது கார்

வேளச்சேரி மேம்பாலத்தின் மேல்
வரிசையில் பதினேழாவதாக
நிற்கிறது எங்கள் கார்.
போன மழையில் இஞ்சினுக்குள் புகுந்த தண்ணீருக்கு
இன்னும் தவணை கட்டுகிறோம்.
சிவப்பு எச்சரிக்கை என்றதுமே
முதல் ஆளாய்ப் போய் ஏற்றிவிட்டு வந்தான் குமணன்.
முதல் ஆள் பதினேழாவதாய் நின்ற கதையை
அவனே சொல்லிச் சிரித்தான்.

மின்சாரம் இல்லை.
முடிந்துபோன ஆகஸ்ட் மாதத்தைத்
தரையில் குப்புறப் போட்டு
அதன் வெள்ளை முதுகில்
கடற்கரையை வரைகிறான்.
பொங்கல் விடுமுறை. நாலு நாள்.
சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, கடலூர்,
பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி,
அப்படியே கோடியக்கரை.
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கப்பல் வைத்திருக்கிறான்.
டச்சுக்காரன் துணி ஏற்றிய இடம்,
நவாபுக்குக் காசு அடித்த இடம்,
அச்செழுத்து வந்து இறங்கிய இடம்.
மாமல்லபுரத்தை மட்டும் விட்டுவிட்டான்:
"ஆபீஸ் பிக்னிக்லயே மூணு தடவை போயாச்சு."

நான் பச்சைப் பேனா எடுத்தேன்.
அவன் கோட்டைகளுக்கு நடுவே
என் புள்ளிகளை வைத்தேன்.
"இது எந்தக் கோட்டை?"
கோட்டை இல்லை, கழிப்பறை.
இந்த பங்கில் தாழ்ப்பாள் இருக்கும்.
இது கல்யாண மண்டபம், வாட்ச்மேனுக்கு இருபது ரூபாய்.
இங்கே ஒரு நர்ஸ் சாவி தருவாள், பெயர் பெர்னாடெட்.
இங்கிருந்து இதுவரை ஒன்றுமே கிடையாது,
அதனால் மரக்காணம் வரும்வரை
நான் தண்ணீர் குடிக்கமாட்டேன்.

ஏழு வருடம்
மருந்துக் கம்பெனிப் பையோடு
இதே சாலையில் பஸ்ஸில் போனவள் நான்.
அவன் படித்த சாலை.
நான் அடக்கிக்கொண்டு போன சாலை.

ஆதிரைக்கும் ஒரு பங்கு வேண்டுமாம்.
சிவப்புப் பென்சிலால்
தான் வாந்தி எடுக்கப்போகும் இடங்களைக் குறித்தாள்.
கல்பாக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு.

குமணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு திரும்பும் வழியில் ஒரத்தநாட்டைச் சேர்த்தான்.
"மராத்தியர் சத்திரம். ராமேசுவரம் போறவங்களுக்கு.
நடந்து களைக்கிற தூரத்துக்கு ஒண்ணு கட்டினாங்களாம்."

அப்படியானால் யாரோ ஒருத்தி அளந்திருக்கிறாள், என்றேன்.
இடுப்பில் பிள்ளை, வீங்கிய கால்,
இதற்கு மேல் முடியாது என்று
அவள் உட்கார்ந்துவிட்ட இடத்தில்தான்
அஸ்திவாரம் தோண்டியிருப்பார்கள்.
கல்வெட்டில் ராஜா பெயர் இருக்கும்.

"அப்படி எங்கேயும் எழுதியில்லையே."

அதைத்தான் சொல்கிறேன்.

மழை கொஞ்சம் விட்டபோது
முழங்கால் தண்ணீரில் நடந்தோம்,
ஃபிளாஸ்க்கை அவன் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு,
ஆதிரையை நான் தூக்கிக்கொண்டு.
பேட்டரி செத்துவிடாமல் இருக்க
கால்மணி நேரம் வண்டியை ஓடவிட வேண்டும்.
மேம்பாலத்தில் ஒரு தெருவே குடியேறியிருந்தது.
ஒரு காரில் சீட்டுக்கட்டு,
ஒரு காரில் இட்லி,
ஒன்றில் நாய் மட்டும், மிகுந்த பொறுப்போடு.

வைப்பர் ஓடியது. கண்ணாடி மூடுபனித்தது.
கிலோமீட்டர் முள் அசையவில்லை.
மாதத்தாளை ஸ்டீரிங்கின் மேல் விரித்து
"இது முதல் நாள்தானே?" என்றாள் ஆதிரை.
அவள் வாந்தி எடுக்கவில்லை.

மழை மறுபடி பிடித்தது.
பதினெட்டாவது காரின் கண்ணாடி
நாலு விரல் அளவுக்கு இறங்கியது.
என் வயதிருக்கும். குமணனைப் பார்த்ததும்
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
"அக்கா, இங்க பக்கத்துல எங்கயாவது..."

பாலம் இறங்கி இடப்பக்கம்,
பார்மஸிக்கு மேல் மாடியில் ஸ்கேன் சென்டர்,
ஜெனரேட்டர் உண்டு,
டோக்கன் கேட்டால் ரிப்போர்ட் வாங்க வந்ததாகச் சொல்லுங்கள்,
என்று சொல்லிக்கொண்டே போனவள்
அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

குடை ஒன்றுதான் இருந்தது.
இரண்டு பேரும் இறங்கினோம்.