இரண்டாம் இடத்தில் ஒரு சொல்

லேர் என்பது ஊர்ப்பெயர்.
காலி என்றும் பொருள் உண்டு, ஊர்க்காரர்கள் சிரிப்பதில்லை.
அங்கே தண்டவாளத்துக்குப் பின்புறம்
ஃப்ரௌக்கெ வீட்டு மாடியில் குடியிருந்த குளிர்காலத்தில்
வேர்டன் என்ற வினையைப் படித்தேன்.

தனியே நின்றால் ஆவது:
பால் புளிப்பாவது, நாள் இருட்டாவது.
இன்னொரு வினையைச் சேர்த்துக்கொண்டால் நாளை.
இரண்டாம் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும்.
நடக்க வேண்டிய வினையோ
வாக்கியம் முழுவதும் நடந்துபோய்
முற்றுப்புள்ளியின் வாசலில் நிற்க வேண்டும்.
இடையில் எவ்வளவு சரக்கும் ஏற்றலாம்:
வெள்ளிக்கிழமை, ஆலங்கட்டி மழை,
ப்ரேமன் நெடுஞ்சாலை, இருபத்திரண்டு டன் ஓடு.

புத்தகம் அவ்வளவுதான் சொன்னது.
மீதி, கீழ்வீட்டுத் தொலைபேசி.

ஒன்னோ லாரி ஓட்டுகிறவன்.
"நாளைக்கு வர்றேன்" என்பான்,
நிகழ்காலத்தில், வாயில் ரொட்டியோடு.
கல்கண்டின் மேல் கொதிக்கும் தேநீரை ஊற்றுவாள் ஃப்ரௌக்கெ.
கல்கண்டு விரிசல் விடும் சத்தம்தான் அவள் பதில்.
நிச்சயமானதற்கு இங்கே எதிர்காலம் தேவையில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்
"இஷ் வேர்டெ கொம்மன்" என்றான்.
நான் வருவேன்.
முழு இலக்கணம், ஓர் எழுத்து பிசகவில்லை.
அவள் கெட்டிலை இறக்கி வைத்தாள்.
யாரும் கேட்காத சத்தியம்.

பிறகு அந்தச் சொல்லை அவள் எடுத்துக்கொண்டாள்.
இப்போது தூங்குவான், என்பாள் பூனையிடம்.
நாளை அல்ல; ஊகம்.
"கடையில் இருப்பான், போய்ப் பார்" என்று
நாம் சொல்வோமே, அந்த இருப்பான்.
கண்ணுக்கு எட்டாத இப்போதுக்கு
இரண்டு மொழியும் ஒரே சட்டையைப் போட்டுவிடுகின்றன.

சாப்பிட்டிருப்பான்.
கீல் தாண்டியிருப்பான்.
என் புத்தகம் இதை இரண்டாம் எதிர்காலம் என்கிறது,
பேச்சில் அரிது என்கிறது அடிக்குறிப்பு.
அடிக்குறிப்பு எழுதியவர்
ராத்திரி பதினொன்றுக்கு
இந்தச் சமையலறைப் பக்கம் வந்ததில்லை.

மார்ச்சில் தபாலில் ஒரு சாவி வந்தது.
கடிதம் இல்லை, கூடுதல் தபால்தலை ஒட்டியிருந்தது.
உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

என்ன செய்வீர்கள், என்றேன்,
வேர்டனை இரண்டாம் இடத்தில் கவனமாக வைத்து,
வினையைக் கடைசிக்கு அனுப்பி.

அவள் நிலவறைக் கதவைத் திறந்தாள்.
"சனிக்கிழமை
அவனுடைய குளிர்கால டயர்களை விற்கிறேன்" என்றாள்.

நான்கு டயர்.
விற்கிறேன்.