கோரம் இல்லை

மாதத்தின் மூன்றாம் புதன், மதியம் இரண்டு.
குண்டரின் ஷயர் மன்றம்.
ஏழு நாற்காலி, ஒரு மின்விசிறி,
தட்டினால்தான் பேசும் மைக்.
பொதுமக்கள் கேள்வி நேரம்:
பொதுமக்கள் இல்லை.
பதினெட்டு வருடமாக
அந்த வரியை மட்டும்
போன மாதக் குறிப்பிலிருந்து
அப்படியே எடுத்து ஒட்டுகிறேன்.

எங்கள் ஷயரில் ஆள் நானூற்றுப் பதினொன்று.
சாலை ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்.
பங்கு பிரித்தால்
நேற்றுப் பிறந்ததற்கும் வரும்
நாலு கிலோமீட்டர் சரளையும் கொஞ்சம் புழுதியும்.

பொருள் ஒன்பது புள்ளி மூன்று:
ஹாப்குட் சாலைக்குத் தார் போடுவதா.
"சொந்த நலன் யாருக்கேனும் உண்டா?"
தலைவர் கேட்டார்.
கேட்டாக வேண்டும், சட்டம்.

டில்புரூக் எழுந்தார்.
என் கோதுமை அந்த வழியாகத்தான் போகிறது.
வெளியேறினார், 2.14.
மாட்ஸ்லி எழுந்தார்.
டில்புரூக் எனக்கு மச்சான். 2.15.
அவர்கள் ரெண்டு பேருக்கும் எனக்கும்
ஒரே வேலி, என்றாள் ஜோசலின் பர்ட்டெல்.
வேலிக்கு நலன் உண்டா என்று
சட்டப் புத்தகத்தைப் புரட்டினார் நிர்வாக அதிகாரி.
பெர்த்திலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது.
அவருக்குப் பக்கம் கிடைப்பதற்குள்
அவள் கதவைத் தாண்டிவிட்டாள்.
லெஸ்டர் கிக்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
பஸ் எனதல்ல, சம்பளம் ஷயருடையதல்ல,
ஆனால் ஆடுகிற பல் என்னுடையது,
அது நலனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்றார்.
யாரும் சொல்லவில்லை.
தொப்பியை எடுத்துக்கொண்டார். 2.19.

மீதி மூவர்.
அதில் ஆல்பி வாடிங்டன்
காதுக் கருவியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோரம் இல்லை" என்று அறிவித்தார் தலைவர்.
கோரம் இல்லை.
எழுதிய பிறகு
அந்த வளைவு நினைவுக்கு வந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
வெளியே போன நால்வரும்
தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றார்கள்.
டில்புரூக் பூட்ஸ் முனையால்
மண்ணில் ஒரு கோடு இழுத்தார்,
உப்பேரியைத் தொட்டு வளைந்து போகிற கோடு.
ஜோசலின் குனிந்து
அதன் நடுவில் ஒரு கல்லை வைத்தாள்.
லெஸ்டர் அந்தக் கல்லைக் காலால் நகர்த்தி
கொஞ்சம் தள்ளி வைத்தார்.
எல்லோரும் தலையசைத்தார்கள்.
இங்கே மூன்று வருடமாக முடியாதது
அங்கே ஒரு சிகரெட் நேரத்தில் முடிந்திருக்கும்.
அறைக்கு வெளியே நடப்பது
குறிப்பில் சேராது.
அமைச்சருக்கு எழுதி அனுமதி கேட்பதாக முடிவு,
அதை முடிவு என்று எழுதலாமா என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.
கூட்டம் நிறைவு, 2.31.

குறிப்பெடுக்கிறவளுக்கு நலன் உண்டா என்று
சட்டம் கேட்பதில்லை.
நான் இருப்பது ஹாப்குட் சாலையின் கடைசியில்.
அந்த வளைவில் யூட்டோடு மூன்று முறை புரண்டவன்
என் தம்பி வெஸ்லி.
பிழைத்துவிட்டான்.
இடக்கையால் சூப் குடிக்கக் கற்றுக்கொண்டான்.
சிந்தினால் ஷயரைத் திட்டுவான்,
பிறகு என் முகத்தைப் பார்த்து
ஷயர் என்றால் நீ இல்லை என்பான்.

வீடு திரும்பும்போது
வளைவில் நாற்பதுக்கு இறக்கினேன்.
எதிரே டில்புரூக்கின் லாரி.
கல் தெறிக்காமலிருக்க
ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தது.
ஸ்டியரிங்கிலிருந்து
ஒரு விரலைத் தூக்கினார்.
நானும் ஒரு விரலைத் தூக்கினேன்.

புழுதி அடங்கிய பின் பார்த்தால்
முன்கண்ணாடியின் பழைய கீறல்
என் பக்கமாக
இன்னும் ஒரு அங்குலம் நடந்திருந்தது.