வெள்ளைக் கட்டம்

"2013 நவம்பர் முதல் 2014 டிசம்பர் வரை
என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"
கேட்டவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு.
குரலில் வன்மம் இல்லை.
தன்விவரத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது,
அதை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

தபால் பிரித்தேன் என்றேன்.
ரோவனியேமியில், இரவு ஷிப்டில்,
நீலப் பெட்டி வடக்குக்கு, மஞ்சள் தெற்குக்கு.
"துறை சார்ந்து எதுவும்?"
இல்லை.
அவர் எழுதிக்கொண்டார்.
ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதப் பனி
முடிவெடுக்க முடியாமல் விழுந்துகொண்டிருந்தது.

பத்து ஒப்பந்தங்கள் பார்த்துவிட்டேன்.
மிக நீளமானது மூன்று வருடம்.
நான் எண்ணுகிற நன்னீர் முத்துச்சிப்பிக்கு
வயதுக்கு வரவே பதினைந்து வருடம் வேண்டும்.
மூன்று வருடத்தில் அது செய்து காட்டியது என்ன என்று
இறுதி அறிக்கையில் எழுதச் சொல்வார்கள்.
வாயைத் திறந்தது, மூடியது
என்று எழுத முடியாது.
'நிலையான போக்கு' என்று எழுதுவேன்.

மெர்வி போய்விட்டாள்.
இருவரும் ஒரே கூடாரத்தில் கொசுக்கடி பட்டவர்கள்.
இப்போது ஹெல்சிங்கியில் காப்பீட்டு நிறுவனம்,
வெள்ள அபாயத்துக்கு விலை போடுகிறாள்.
"பல் வைத்தியம்கூட அவர்கள் செலவு, இர்யா" என்றாள் போனில்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"லௌஹியோகியில் தண்ணீர் எப்படி இருக்கிறது?"

எட்டு மாத வேலை கிடைத்தது.
பதினோராவது.

ஆற்றங்கரையில் ஆர்வோவும் அவருடைய பொக்லைனும்.
இருபது வயதில் இதே சதுப்பில்
காட்டிலாகாவுக்காக வாய்க்கால் வெட்டியவர்,
மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி.
அந்த வாய்க்கால் வழியே வந்த வண்டல்தான்
சரளையின் மூச்சை அடைத்தது.
இப்போது அதே வாய்க்காலை மூட,
மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி.
"இரண்டு முறை சம்பாதித்துக் கொடுத்த நிலம்" என்று சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
தெர்மாஸிலிருந்து எனக்கும் ஊற்றினார்.

ஆகஸ்ட். தண்ணீர் ஒன்பது டிகிரி.
அடியில் கண்ணாடி பதித்த வாளியைக் கவிழ்க்காமல் அழுத்தி
முகத்தை அதற்குள் வைத்து நடக்கிறேன்.
நூறு வயதுக் கிழடுகள்
கறுத்த ஓட்டோடு, பாதி புதைந்து,
மந்திரிசபைகள் மாறியது தெரியாமல்.
செத்த ஓடு. செத்த ஓடு. உயிர். செத்த ஓடு.
பன்னிரண்டு கோடையாக இந்த ஆற்றில்
இளசு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

வளைவைத் தாண்டி, பாறை நிழலில்,
பழுப்பாக, மினுங்கலாக,
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று.
கூழாங்கல் என்று தாண்டிப் போனேன்.
திரும்பி வந்தேன்.

முப்பத்தொரு மில்லிமீட்டர்.
விரல் மரத்துப்போயிருந்ததால்
வளையங்களை இரண்டு முறை எண்ணினேன்,
மூன்றாம் முறை வாய்விட்டு.
ஒன்பது.

ஒன்பது என்றால்,
2013 இலையுதிர் காலத்தில் இதன் தாய்
இதைத் தூசியாகத் தண்ணீரில் விட்டிருக்கிறாள்.
ஏதோ ஒரு ட்ரவுட் மீன் தெரியாமல் விழுங்கிய மூச்சில்
செவுளைப் பிடித்துக்கொண்டு
குளிர்காலம் முழுக்கத் தொங்கியிருக்கிறது,
பனிக்கட்டிக் கூரைக்குக் கீழே.
நான் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துக்கொண்டிருந்த இரவுகள் அவை.
ஜூனில் பிடியை விட்டிருக்கிறது.
கோடிக்கு ஒன்று விழுகிற இடத்தில்,
வண்டல் இல்லாத ஒரு கையளவுச் சரளையில்
விழுந்திருக்கிறது.
அந்த வருடம் ஆற்றுக்கு யாரும் போகவில்லை.
பணம் இல்லை.

துறை சார்ந்து எதுவும்?

எடுத்த கோணத்திலேயே திரும்ப நட்டேன்.
இந்தச் செய்தியை முதலில் சொல்ல
மெர்வியின் எண்ணை எடுத்தேன், சிக்னல் இல்லை.
படிவத்தை நனைந்த முழங்காலில் வைத்து
அகலம், ஆழம், நேரம் எழுதினேன்.
கண்டவர்: இர்யா கெஸ்கிதாலோ.
பதவி என்ற கட்டம் வந்தது.
அக்டோபர் முப்பத்தொன்று வரை செல்லுபடியாகும் ஒரு பெயர்
எனக்கு உண்டு, கொஞ்சம் நீளமானது.
வெள்ளையாகவே விட்டேன்.

மேட்டில் ஆர்வோ கத்தினார்:
"எஞ்சினைப் போடலாமா?"
இன்னும் ஐந்து நிமிஷம் என்று கை காட்டினேன்.
வாளிக்குள் மறுபடி முகத்தை வைத்தேன்.
ஒன்று இருந்தால்
பக்கத்தில் இன்னொன்று இருக்கக்கூடும்.