வரிசையின் கடைசியில்

பக்ஸ்டன் ஊரின் பழைய மண்டபத்தில்
இன்றிரவு ஆண்டு ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கு.
வெளியே மழையில் நிற்கும் கார்களுக்கு
அது தெரியாது.

என் கவுன் போன மாதம்வரை
படுக்கையறைத் திரைச்சீலை.
மார்புக்குக் கீழே இறுக்கிய நாடாவுக்குள்
மூன்று ஊக்கு, ஒரு கைபேசி.
என் ஜோடி லெம்யுவல்,
பாய்லர் பழுதுபார்ப்பவர்.
வெள்ளைக் கையுறை மாட்டியதிலிருந்து
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கிறார்.

வயலின் எடுத்ததும்
இடம் என்றால் வலம் போகிறார்.
தளபதி வேடத்துப் பல் மருத்துவர்மேல் மோதி
இடுப்பு வளைத்து மன்னிப்புக் கேட்கிறார்.
இன்றிரவின் மிக அழகான வணக்கம் அதுதான்.

இந்த ஆட்டத்தில் ஒரு சங்கடம்:
வரிசையில் நிற்கும் யாரையும்
கை கொடுக்காமல் கடக்க முடியாது.

ஐந்தாவது ஜோடியில் ரோலண்ட்.
பதினோரு வருடம் என் கணவன்.
பிறகு இரண்டு வருடம்
வக்கீல் கடிதத்தில் ஒரு பெயர்.
நாலு பேர் கை கோத்து
எட்டடி இப்படி, எட்டடி அப்படி.

"அந்தத் திரைச்சீலையா?" என்றான்.

ஆமாம் என்று வாயெடுப்பதற்குள்
அடுத்த ஜோடியிடம்
ஒப்படைத்துவிட்டது தாளம்.

கடைசிக்கு வந்த ஜோடி
ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும்.
நின்றோம்.
லெம்யுவலுக்கு மூச்சு வாங்கியது;
பார்க்கிங் சீட்டு பத்து மணிவரைதானாம்.

இனி வந்த வழியே மேலே.
மறுபடி எல்லோர் கையும்.

வலது கையுறை நனைந்திருந்தது.
கழற்றினேன்.
ஊக்குகளுக்கு நடுவே செருகிக்கொண்டேன்.