வறுவல் என்று பேர்

சட்டி அவனுடையது.
விவாகரத்துத் தாளில் அது இல்லை.
கார் இருந்தது, வீட்டு முன்பணம் இருந்தது,
அரிசிக் குக்கர்கூட ஒரு வரியில் இருந்தது.
அகலமான அந்த அலுமினியச் சட்டியை
இரண்டு பேருமே மறந்துபோனோம்.

"ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்"
என்று மான்ஹோ செய்தி அனுப்பியபோது
முப்பத்தொன்றாம் எண் பேருந்தைப்
பணிமனையில் விட்டுவிட்டு
பையில் ஒரு கோழியோடு நடந்துகொண்டிருந்தேன்.
வோன்ஜு முழுக்க அன்று பனி,
உப்புத் தூவிய சாலையில் சாம்பல் சேறாக.

என்னிடம் வேறு சட்டி இல்லை.
பசி இருந்தது.

துண்டுகளைக் கொதிநீரில் ஒரு முறை போட்டு
நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டினேன்.
உருளைக்கிழங்கின் முனைகளைச் சீவி மழுக்கினேன்.
கூராக விட்டால் வேகும்போது உடையும்,
உடைந்தால் குழம்பு கலங்கிப்போகும்.
யாரும் பெருமூச்சு விட வேண்டாம்,
உருளைக்கிழங்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மிளகாய்த்தூள் நான்கு கரண்டி,
கோச்சுஜாங் இரண்டு,
சோயா, கொஞ்சம் சர்க்கரை,
கணக்கில்லாமல் தட்டிய பூண்டு.
கொதி வந்ததும் காரம் எழும்பித்
தொண்டையைப் பிடித்தது.
இருமிக்கொண்டே கதவைத் திறந்தேன்.
வாசலில் நின்றவனும் இருமினான்.
எட்டு மாதத்துக்குப் பிறகு
எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

"சட்டி?"
"அடுப்பில்."
"எவ்வளவு நேரம் ஆகும்?"
"கோழியைக் கேள்."

காலணியைக் கழற்றினான்.
எங்கே வைப்பதென்று கொஞ்சம் யோசித்து
எப்போதும் வைக்கிற இடத்திலேயே வைத்தான்.

மூடியைத் தூக்கிப் பார்த்து
"தாக்தோரிதாங்" என்றான்.
"தாக்பொக்கம்தாங்" என்றேன்.
எங்கள் சண்டைகளில் வயதில் மூத்தது இது.
தோரி என்பது ஜப்பான்காரன் விட்டுப்போன சொல் என்கிறார்கள்,
இல்லை, வெட்டுவதற்கான நம் சொல்தான் என்கிறார்கள்.
என் பேருந்தில் ஒரு நாள் இரண்டு கிழவர்கள்
இதற்காகவே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார்கள்.
பொக்கம் என்றால் வறுவல்.
வறுவல் என்று பேர், உள்ளே முழுக்கக் குழம்பு.
"இதில் எதை வறுத்தாய்?" என்பான்,
ஒவ்வொரு முறையும்.
இன்றும் கேட்டான்.

"உன்னைத்தான்.
பதினொரு வருடமாக."

சிரித்தான்.
சிரித்த வாயில் ஆவி புகுந்து மறுபடி இருமினான்.
வெங்காயத்தை அவன் பக்கம் தள்ளினேன்.
பெரிது பெரிதாகத்தான் நறுக்குவான்,
அப்படியே நறுக்கினான்.

நாற்பது நிமிடம்.
ஜன்னல் கண்ணாடி வெண்மையாகிவிட்டது.
சட்டியை மேஜை நடுவில் வைத்து
இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.
கால் துண்டை அவன் என் பக்கம் ஒதுக்கினான்.
மற்றதை நான் அவன் பக்கம் ஒதுக்கினேன்.
கொஞ்ச நேரம் இரண்டும் ஆறிக்கொண்டிருந்தன.
பிறகு மூக்கு ஒழுகியது, நெற்றி வேர்த்தது,
காகிதத்தில் சிந்தி, தண்ணீர் குடித்து,
மறுபடி சாப்பிட்டோம்.
இந்தக் காரத்துக்கு முன்னால்
யார் கண் எதற்குக் கலங்கியது என்று
யாரும் கணக்குக் கேட்க முடியாது.

அடியில் நின்ற குழம்பில் சோற்றைக் கொட்டி
கடற்பாசியைக் கிள்ளிப் போட்டுப் பிரட்டினான்.
அடிப்பிடித்ததைச் சுரண்டும்போது
"புது வீட்டில் என்ன அடுப்பு?" என்று கேட்டேன்.
"இண்டக்ஷன். தொட்டால் போதும்,
நெருப்பே கண்ணில் படாது."

அலுமினியம் அதில் சூடாகாது.
எனக்குத் தெரியும்.
சோற்றை மென்றுகொண்டிருந்தேன்.

அவனே கழுவினான்.
ஓரத்தில் சிவப்பு போகவில்லை.
செய்தித்தாளில் சுற்றி
குழந்தையைப்போல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு
பனியில் இறங்கிப்போனான்.

ஒன்பது நாள் கழித்து,
கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானதும்
கைபேசியைப் பார்த்தேன்.
"யோங்நான், இந்தச் சட்டி சூடாகவே இல்லை."
கீழே ஒரு படம்:
தண்ணீரில் முழு உருளைக்கிழங்குகள்,
முனை மழுக்கியவை, கோணல்மாணலாக.

"தெரியும்" என்று எழுதினேன்.
அனுப்புவதற்குள்
ஒருத்தி முன்கதவைத் தட்டினாள்,
கையில் குடை, காய்கறிப் பை.
திறந்துவிட்டேன்.