காப்பி

ஐந்தரை மணிக்குத் திருச்சி டெஸ்க்கிலிருந்து ஞானசேகர்:
"காப்பி என்னாச்சுய்யா?"
நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்தது.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
போவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
"ஆறிக்கிட்டிருக்கு சார்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பக்கம் முடிக்கிற நேரத்தில் அவர் எதற்கும் சிரிப்பதில்லை.

நான் பகுதிநேர நிருபர்.
வெட்டியது போக அச்சில் ஏறிய வரிக்குத்தான் கூலி.
நான் எழுதி அனுப்புவது காப்பி.
அதுவே பேப்பராகிக் கட்டுக்கட்டாய் வந்து இறங்கினால்
எண்ணிப் பார்க்கிற ஏஜென்டுக்கும் காப்பி:
சாதாரண நாளில் எழுபத்திரண்டு,
தேர்தல் முடிவு வந்தால் இருநூறு.
மன்னார்குடிக்காரன் என் வரியை அப்படியே சுட்டுப் போட்டால்
அதுவும் காப்பிதான். அந்த இடத்தில் மட்டும்
சொல்லோடு ஒரு கெட்ட வார்த்தை சேரும்.
முதன்முதலாக எழுதுகிறதற்கே
நகல் என்று பேர் வைத்தவன் யாரோ.
அசல் எங்கே என்று
ஞானசேகர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஐப்பசியில் அனுப்பியது பதினோரு வரி.
வந்தது நாலு.
மின்னல் தாக்கித் தொழிலாளி பலி.
பக்கிரிசாமி, 46. சம்பா வயலில் களை பறித்தபோது.
பாதி பறித்த வயல்,
வரப்பில் கவிழ்ந்து கிடந்த சோத்து வாளி,
செங்கமலம் என்ற பெயர்
எல்லாம் வெட்டில் போயிற்று.
நாலு வரிக்கு வந்த காசில் பெட்ரோல்கூடத் தேறவில்லை என்று
நான் அப்போது அலுத்துக்கொண்டது நிஜம்.

தை பிறந்து ஒரு வாரம்.
கேட் ஓரம் ஹாஜா மைதீன் கடையில் நின்றிருந்தேன்.
"அந்தக் காப்பி என்னாச்சு தம்பி?"
திரும்பினால் ஓர் அம்மா.
சட்டென்று முகம் பிடிபடவில்லை.
"மாஸ்டர், இவங்களுக்கு ஒரு காப்பி, சர்க்கரை தூக்கலா."
கொடுத்ததை மறுக்கத் தெரியாமல்
நின்றபடியே முழுசும் குடித்தார்.
யாரும் சொல்லாமல், கிளாஸைத் தானே அலசி வைத்தார்.
அப்புறம்,
"இது இல்ல தம்பி.
அன்னிக்கு மன்னார்குடி ஆஸ்பத்திரியில
அறுக்குற ரூமுக்கு வெளிய நின்னுக்கிட்டு
போன்ல சொன்னீங்களே,
காப்பி அனுப்பியாச்சுன்னு.
எந்த ஆபீசுக்கு அனுப்புனீங்க?"

செங்கமலம்.

மூன்று மாதமாக வி.ஏ.ஓ. கேட்டபோதெல்லாம்
"பேப்பர்காரத் தம்பி அனுப்பிருச்சு" என்று சொல்லியிருக்கிறார்.
தாலுகா ஆபீசில் நிமிர்ந்தே பார்க்காதவனிடமும் அதையே.
எஃப்.ஐ.ஆர். காப்பி, போஸ்ட்மார்ட்டம் காப்பி,
வாரிசுச் சான்று காப்பி என்று
அவர்கள் கேட்டது வேறு.
செங்கமலத்துக்கு அது ஒரே சொல்.
அதை நான் அவர் காதுபடச் சொல்லியிருந்தேன்.

ஸ்டேஷனுக்கு நாலு நடை.
ரைட்டர் கோயில் பந்தோபஸ்து. ரைட்டர் லீவு.
ரைட்டர் இருக்கிறார், பிரிண்டருக்கு மை இல்லை.
கிடைத்தபோது அதில் வயது ஐம்பத்தொன்று.
என் நாலு வரியில் நாற்பத்தாறு.
"எதும்மா சரி?"
"அவருக்கே தெரியாது தம்பி."

ஜெராக்ஸ் கடையில் நர்கீஸ் கேட்டாள்:
"எத்தனை காப்பி?"
செங்கமலம் என்னைப் பார்த்தார்.
மூணு என்றேன்.
மூடியை அழுத்தியும், ஓரத்துச் சந்தில்
வெள்ளை வெளிச்சம் கோடிழுத்து ஓடிற்று.
கண்ணை இறுக்கிக்கொண்டு
"அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றார் செங்கமலம்.
நர்கீஸுக்குப் புரியவில்லை.
இரண்டாவதற்கும் அப்படியே.
மூன்றாவதற்குக் கண்ணை மூடவில்லை.