வலை எண் ஏழு

ப்ர்னோ. ஜனவரி. ஜன்னலெல்லாம் உறைபனி.
கண்ணாடியை உடைத்துக் கத்தி செய்தேன்.
பிசினில் இறுகிய நிணநீர்க் கணுவை
அதன் விளிம்பில் சீவச் சீவ
தொட்டி நீரில் மிதந்தன துண்டுகள்.
பொன்னிறம் என்றால் தடிப்பு, தள்ளிவிடு.
வெள்ளி மினுங்கினால் மூச்சை அடக்கு.
குச்சிமுனையில் ஒட்டிய இமைமயிரால் ஒதுக்கி
தாமிர வலையில் ஏந்து.
இமைமயிர் என்னுடையதுதான்.

அனுமதிச் சீட்டோடு வந்திருந்தார் ஓட்டோகர் ஹ்லாடிக்,
நான்காம் எண் டிராம் ஓட்டுபவர்.
"என்னுடையதை நானே பார்க்கணும்."
டாக்டர் ட்ராஹோமீரா தோளைக் குலுக்கினார்.
விளக்கை அணைத்தேன்.
பச்சைத் திரை மெல்ல விழித்தது.

முதலில் ஒரு நல்ல செல்.
சின்ன வட்டம், ஏறக்குறைய முழுவதும் உட்கரு;
அதன் ஓரமெல்லாம் கருந்திட்டு:
இப்போதைக்கு வேண்டாத பக்கங்களை
மடித்து ஒட்டிவைத்த மாதிரி.
சுற்றிலும் நகவெட்டுப் பிறையளவு சைட்டோபிளாசம்,
அதற்குள் இரண்டே மைட்டோகாண்ட்ரியா.
குளிரில் கைகட்டி நிற்கிற ஆள்.

திருகை அரைச்சுற்று நகர்த்தினேன்.
பக்கத்திலேயே மற்றது.
பெரிது. வெளிறியது.
பிசைந்த மாவில் விரல் பதிந்தாற்போல்
குழிந்தும் மடங்கியும் அதன் உட்கரு.
எல்லாப் பக்கமும் திறந்தே கிடக்க
நடுவில் பருத்த நியூக்ளியோலஸ்.
கண் மாதிரி என்று சொல்லலாம்;
சொல்லமாட்டேன், அது எதையும் பார்ப்பதில்லை.
வெளியே ரைபோசோம்கள்,
கசகசா கொட்டிப்போன சமையல் மேசை.

"நண்டு எங்கே?" என்றார்.
எங்கள் மொழியில் இந்த நோய்க்கு நண்டின் பெயர்.
கொடுக்கும் இல்லை, காலும் இல்லை என்றேன்.
வெகுநேரம் குனிந்திருந்தார்.
"இதில் எது நான்?"

டாக்டர் வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

"என் வண்டியிலும் இப்படித்தான்.
ஒருத்தன் முழங்காலை ஒடுக்கி உட்காருவான்,
ஒருத்தன் பையைப் பரப்பி மூன்று இருக்கை பிடிப்பான்.
ரெண்டு பேரும் டிக்கெட் வாங்கினவங்கதான்.
எங்கே ஏறினான்னுதான் எனக்கு ஞாபகம் இல்லை."

ஒரே இடத்தில் நெடுநேரம் நிறுத்தக் கூடாது,
எலக்ட்ரான் கற்றை படலத்தைச் சுட்டுவிடும்.
சொல்லத்தான் நினைத்தேன்.
"இன்னும் கொஞ்சம்" என்றார். விட்டேன்.

ஒரு ஓரம் சுருங்கியது. வெளுத்தது. பிளந்தது.
முதலில் போனது அந்தச் சின்ன வட்டம்,
கைகட்டி நின்றது.

அவர் கோட்டைப் பூட்டிக்கொண்டார்.
மாலை ஷிப்ட் இருக்கிறதாம்.
நோட்டில் எழுதினேன்: வலை ஏழு, ஓட்டை.
தொட்டி நீரில்
இன்னொரு வெள்ளித் துண்டு
சுவரோரம் ஒதுங்கிக்கொண்டிருந்தது.